இருபத்து நான்காவது கொக்கி

நான்கு மாதம் நான் ஒரு தோல் ஷாப்பில் தீயணைப்புப் பொறுப்பாளனாக இருந்தேன். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சற்று நிமிர்ந்து உட்காருகிறார்கள், அதற்காகவே சொல்லிக்கொள்வது. உண்மையில் எனக்கு ரைட்டர் வேலை. எத்தனை தோல் ஊறப் போனது, எத்தனை தோல் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியது, எத்தனை வண்டி ஆவாரம்பட்டை வந்து சேர்ந்தது என்று எழுதிவைக்க வேண்டும். தீயணைப்பு அதற்கு மேல் ஒட்டிக்கொண்ட வேலை. சம்பளம் கிடையாது, கௌரவம் உண்டு. அந்தக் கௌரவத்தை வைத்துக்கொண்டு நான் அணைத்த நெருப்பு, என் பீடியைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஐரோப்பிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப் என்றுதான் சொல்வார்கள். ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டி எங்கள் ஷாப். முன்னால் ஓடு வேய்ந்த ஆபீஸ், அதற்குப் பின்னால் தொட்டிகள், கடைசியில் பட்டைக் கிடங்கு. காய்ந்த ஆவாரம்பட்டை கூரை முட்ட அடைந்து கிடக்கும். அந்தக் கிடங்கின் பின்சுவரையே தங்கள் சுவராகக் கொண்டு ஒன்பது அறைகள், பனையோலைக் கூரை, வரிசையாக நின்றன. அதற்கு லைன் என்று பேர். ஷாப்பில் வேலை இருந்தால் லைனில் அறை; வேலை போனால் அறையும் போகும். நாலாவது அறையில் நானும் என் மனைவியும் இருந்தோம். மேனேஜர் வீடு ஸ்டேஷன் பக்கம், ஓட்டு வீடு. அதனால் தீயைப் பற்றி அவரால் மிகவும் நிதானமாகப் பேச முடிந்தது.

முதலாளி பட்டணத்தில் இருந்தார். அவருக்கு யாரோ சொல்லி, ஷாப்பை இன்ஷூர் செய்தார். உடனே கோட்டுப் போட்ட ஒரு ஏஜெண்டு ரயிலில் வந்து இறங்கினார். அவரோடு இருபத்து நான்கு வாளிகளும் வந்து இறங்கின. எல்லாம் சிவப்பு. அடி மட்டும் தட்டையாக இல்லை. பூசணிக்காயை நடுவில் அறுத்தது போல உருண்டையாக இருந்தது. ஏஜெண்டு ஒரு வாளியைத் தரையில் வைத்தார். அது சாய்ந்து உருண்டது. எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த உருண்டை அடியில்தான் சூட்சுமம் இருக்கிறதாம். கீழே வைத்தால் நிற்காது, ஆகவே ஒருவரும் குளிக்கவோ துணி துவைக்கவோ எடுத்துப் போக மாட்டார்கள், வாளி எப்போதும் கொக்கியிலேயே தொங்கும், தீப்பிடித்தால் கைக்குக் கிடைக்கும். சீமையில் பெரிய பெரிய மூளைகள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது என்றார். பட்டை இடிக்கிற பெண்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் ஏன் பார்த்துக்கொண்டார்கள் என்று ஏஜெண்டுக்குப் புரியவில்லை, அவர் மேல் தப்பில்லை. நம் வீடுகளில் எந்தப் பானை தானாக நின்றிருக்கிறது? தண்ணீர்க் குடம் உருண்டை, கூழ்ச் சட்டி உருண்டை, சோற்றுப் பானை உருண்டை. வைக்கோல் புரியை வட்டமாகச் சுற்றிக் கட்டினால் பிரிமணை. அதன் மேல் வைத்தால் எதுவும் நிற்கும். சீமையின் பெரிய மூளைகள் எல்லாம் சேர்ந்து யோசித்ததை எங்கள் லைன் பெண்கள் ஒரு கை வைக்கோலில் முடித்துவிட்டார்கள்.

பத்து நாளைக்குள் வாளிகள் ஒவ்வொன்றாக நடக்க ஆரம்பித்தன. அந்த வருஷம் பாலாற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஷாப் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க வழியில்லாதது, நல்ல தண்ணீருக்கு அரை மைல் போக வேண்டும். மண் குடம் வழியில் இடித்தால் உடைந்துவிடும், இரும்பு வாளி உடையாது. ஒரு வாளியில் கூழ் கரைத்தார்கள். ஒன்றில் குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டினார்கள்; உருண்டை அடி குழந்தைக்கு வெகு சௌகரியம் என்று அதற்கு நல்ல பேர்கூட வந்தது. ஒன்றில் ஆடு தண்ணீர் குடித்தது. இதையெல்லாம் தடுக்க வேண்டிய பொறுப்பாளன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்கலாம். அவன் வீட்டிலும் ஒரு வாளி இருந்தது. என் மனைவி அதில் துணி ஊறவைத்தாள், நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஏஜெண்டு சொல்லாமல் வந்து நின்றார். ஆபீஸ் தாழ்வாரத்துச் சுவரில் இருபத்து நான்கு கொக்கிகள்; அவற்றில் தொங்கியவை ஐந்து வாளிகள். ஏஜெண்டு கொக்கிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். அது திட்டுவதை விட மோசமாக இருந்தது. அவர் போன பிறகு மேனேஜர் எங்கள் எல்லோரையும் கூட்டி, வாங்கியதை வட்டியும் முதலுமாக எங்களிடம் திருப்பினார்.

அன்றைக்கே இரண்டு சட்டம் பிறந்தது. முதலாவது, இனி எவர் வீட்டில் வாளி அகப்பட்டாலும் வேலை இல்லை, அறையும் இல்லை. இரண்டாவது, வாளிகளுக்கு ஓர் ஆள் பொறுப்பு. மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். எட்டாவது வரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என் தலையில் கட்டினார். வாரா வாரம் சனிக்கிழமை, ‘வாளிகள் இருபத்து நான்கு, யாவும் நீர் நிரப்பி இடத்தில் உள்ளன’ என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே, கம்பெனி அனுப்பிய இங்கிலீஷ் விதிகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தீயைக் கண்டவன் உடனே மணி அடிக்க வேண்டும் என்பது முதல் விதி. ஷாப்பில் இருந்தது ஒரே மணி, வேப்ப மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. வேலைக்கு வரவும் சாப்பிடப் போகவும் திரும்பி வரவும் அதைத்தான் தட்டுவார்கள். தீக்கும் அதே மணியா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்டால் இன்னொரு பொறுப்பும் சேர்ந்து வரும் என்று மென்று விழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலை மற்றவர்கள் எழுந்து நடமாடுவதற்கு முன்பே என் வீட்டு வாளியைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, யோக்கியனாகத் திரும்பி வந்து வீடு வீடாக வசூல் செய்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். ஆட்டின் வாளிகூட வந்துவிட்டது. வராதது ஒன்றுதான்.

அது எங்கள் பக்கத்து அறையில், அஞ்சாம் நம்பரில் இருந்தது. அங்கே இருந்த அக்கா பட்டை இடிக்கிறவள், என்னை விடப் பத்து வயது மூத்தவள், புருஷன் இல்லை. ஷாப்புக்குள் என்னைப் பார்த்தால் ‘ரைட்டரய்யா, வாங்க, போங்க’ என்பாள். அங்கே என் கையில் பேனா இருந்தது. லைனுக்குள் வந்துவிட்டால் ‘தம்பி, வா, போ’ தான். என் மனைவிக்கு ஜுரம் கண்டபோது மூன்று நாள் எங்களுக்கும் சேர்த்துக் கூழ் காய்ச்சியவள். நான் வாளி வசூலுக்குப் போன சமயத்தில் அவளுடைய ஒரே மகள் தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். எட்டாம் மாதம்.

அக்காவின் வாளி வாசலில், கூரை இறவாரத்துக்குக் கீழே, பிரிமணை மேல் இருந்தது. கழுத்து வரை தண்ணீர். மேலே ஒரு ஓலைத் தட்டு மூடியிருந்தது. அதில் அவள் கூழ் கரைக்கவில்லை, குளிக்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினாள். இது எதற்கு என்று கேட்டேன்.

“நெருப்புக்குத்தான் தம்பி. அந்தக் கோட்டுக்காரர் அதுக்குத்தானே குடுத்தாரு?”

“அது ஆபீஸ் தாவாரத்துல இருக்கணும்க்கா.”

“நெருப்பு ஆபீஸ் தாவாரத்துலயா புடிக்கும்? இந்தாண்ட அடுப்பு, அந்தாண்ட பட்ட, நடுவுல ஓல. தண்ணி எங்க இருக்கணும், நீயே சொல்லு. உள்ள நெறமாசமா ஒருத்தி படுத்துக்கினு கீறா.”

இருபத்து நான்கு வாளிகளில் தீயை நினைத்து வைக்கப்பட்ட வாளி அது ஒன்றுதான். அது எனக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது, நன்றாகப் புரிந்தது. மேனேஜருக்குத் தெரிந்தால் வேலையும் அறையும் போகும், மகளோடு எங்கே போவாய் என்றேன். பொறுப்பு உன்னுதுதானே, நீ பாத்துக்க மாட்டியா என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் விட்டுச் சொன்னேன். அந்த வார்த்தையை யாரும் என் வாயைப் பிடித்துப் பிடுங்கவில்லை.

பார்த்துக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. இருபத்து நான்காவது கொக்கி ஆபீஸ் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. கதவை முழுக்கத் திறந்து சுவரோடு சாத்தினால் கொக்கி கதவுக்குப் பின்னால் மறைந்துவிடும். காற்றோட்டம் உடம்புக்கு நல்லது என்று மேனேஜரிடம் சொல்லி, கதவை எப்போதும் திறந்தே வைத்தேன். ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமை தோறும் இருபத்து நான்கு என்று எழுதினேன். ஒரு செங்கல்லின் மேல் என் நாணயம் முழுவதும் நின்றது.

ஆடி மாதம், ஏஜெண்டு வருகிறார் என்று இந்தத் தடவை முன்கூட்டியே கடுதாசி வந்தது. மேனேஜர் போன தடவை பட்ட அவமானத்தைக் கழுவ முடிவு செய்தார். வாளிகளெல்லாம் மங்கிவிட்டன, புதுப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார். உள்ளும் புறமும். அதற்குத் தண்ணீரைக் கொட்ட வேண்டுமே என்றேன். கொட்டு என்றார். பெயிண்ட் காய்ந்த பிறகுதான் நிரப்ப முடியும் என்றேன். பார்க்க லட்சணமாக இருந்தால் போதும், உள்ளே எட்டிப் பார்க்கவா போகிறார் என்றார். ஏஜெண்டு வருகிற அன்று காலையில் இருபத்து மூன்று வாளிகளும் பளபளவென்று, ஈரப் பெயிண்டோடு, சொட்டுத் தண்ணீர் இல்லாமல், சீவிச் சிங்காரித்துத் தொங்கின. அந்த ஷாப் ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு அழகாகவும் அவ்வளவு ஆபத்தாகவும் ஒரு நாளும் இருந்ததில்லை.

நெருப்பு அன்று மத்தியானம்தான் வந்தது. சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் தொட்டிகளுக்குப் பக்கத்து நிழலில் கூழ்ச் சட்டியைத் திறந்திருந்தார்கள். நான் ஆபீஸில் இருந்தேன். லைனில் யார் வீட்டு அடுப்பிலிருந்தோ பொறி பறந்து, ஆடிக் காற்றில் அஞ்சாம் நம்பர் கூரையில் உட்கார்ந்தது. வாட்ச்மேன் பார்த்துவிட்டு, என் முதல் விதியை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினான். ஓடிப்போய்த் தண்டவாளத்தைத் தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான்.

அதற்கு என்ன பலன் என்றால், ஏஜெண்டு வருகிறார் என்று மேனேஜர் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துவிட்டார் என ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். திட்டிக்கொண்டே சட்டியை மூடிவிட்டு, ஒழுங்காகத் திரும்பித் தொட்டிக்குள் இறங்கி வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நெருப்பு மணி கேட்டு இவ்வளவு கட்டுப்பாட்டோடு வேலைக்குத் திரும்பிய ஆட்கள் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்கள்.

புகையைப் பார்த்த நான் கத்திக்கொண்டு ஓடினேன். நாலைந்து பேர் புரிந்துகொண்டு வாளிகளைப் பிடுங்கினார்கள். பிடியெல்லாம் ஈரப் பெயிண்ட், வழுக்கியது. கிணற்றுக்கு ஓடினால் அங்கே ஒரே ஒரு கயிறு. ஒருவன் இறைக்க, மற்றவர்கள் வெறும் வாளியோடு முறைக்கு நின்றார்கள். அஞ்சாம் நம்பருக்குள் அந்தப் பெண் படுத்திருப்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அரை வாளித் தண்ணீரை வாங்கிக்கொண்டு லைனுக்கு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது நெருப்பு இல்லை. கூழ் குடிக்க வீட்டுக்கு வந்திருந்த அக்கா, பொறி விழுந்ததைப் பார்த்த உடனே வாசல் வாளியைத் தூக்கிக் கூரையில் அடித்திருந்தாள். ஒரு வாளி போதுமாக இருந்தது. ஓர் ஆள் அகலத்துக்கு ஓலை கருகியிருந்தது, ஒரு கழியால் அதை இழுத்துக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். கிடங்குச் சுவருக்கும் அந்தக் கருகலுக்கும் நடுவே ஒரு முழம் மீதி இருந்தது. மகள் வாயும் வயிறுமாக எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள், என் மனைவி அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. நான் கொண்டுபோன அரை வாளித் தண்ணீர் பெயிண்ட் கலந்து சிவப்பாக இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல், அணைந்து கிடந்த ஓலையின் மேல் ஊற்றினேன்.

இதற்குள் ரயில் வந்து ஏஜெண்டும் வந்துவிட்டார். கருகிய ஓலையைப் பார்த்தார். கையெல்லாம் சிவப்பாக நின்ற ஆட்களைப் பார்த்தார். வாளிகளைப் பார்த்தார். மேனேஜர் ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை. கம்பெனி வாளிகளால்தான் ஷாப் பிழைத்தது என்றார். ஏஜெண்டுக்கு வாயெல்லாம் பல். மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவர் கையிலும் பெயிண்ட் ஒட்டியது. வாளிகளைத் திரும்ப மாட்டச் சொல்லித் தாழ்வாரத்துக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம், லைனே பின்னால் வந்தது. காலையில் பெயிண்ட் அடித்த அவசரத்தில் செங்கல்லை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். ஏஜெண்டு இருபத்து மூன்று வரை விரல் வைத்து வந்தபோது, ஆடிக் காற்று கதவைப் பட்டென்று அடித்து மூடியது. வெறும் கொக்கி.

“இது எங்கே?” என்று ஏஜெண்டு கேட்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு எல்லோருமாகத் திரும்ப லைனுக்கு நடந்தோம். அஞ்சாம் நம்பர் வாசலில், பிரிமணை மேல், பழைய மங்கிய சிவப்பில் வாளி உட்கார்ந்திருந்தது. நெருப்பு அணைந்த கையோடு அக்கா அதை மறுபடியும் நிரப்பி வைத்திருந்தாள்.

எவ்வளவு நாளாக இந்தத் திருட்டு என்று மேனேஜர் அவளைக் கேட்டார். அவள் பயப்படவில்லை. திருடவில்லை, நெருப்புக்காக அங்கே வைத்திருந்தேன், அதை வைத்துத்தான் அணைத்தேன், ரைட்டருக்குத் தெரியும் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“சொல்லு தம்பி.”

சொல்லுவதற்கு அதிகம் இல்லை. ஆமாம், நான்தான் வைத்துக்கொள்ளச் சொன்னேன் என்றால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் ஒரு மாதத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் என் கையெழுத்தோடு எழுந்து நிற்கும். என் வேலை, என் அறை, என் மனைவி எல்லாம் கண் முன்னால் வந்தது. என் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டேன்.

“காலைல வரைக்கும் இருந்துதுங்க” என்றேன்.

அவ்வளவுதான். அப்படியென்றால் இன்றைக்குத்தான் எடுத்திருக்கிறாள் என்று மேனேஜர் முடித்தார். சட்டம் சட்டம்தான் என்றார். ஏஜெண்டுக்கு அதில் ஒன்றும் அக்கறை இல்லை. அந்த வாளிக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இந்நேரம் இதை மறந்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கொஞ்ச நாளில் பட்டணத்திலிருந்து முதலாளி கையெழுத்தோடு ஒரு கடுதாசி வந்தது. தீயை அணைப்பதில் காட்டிய பொறுப்புணர்ச்சிக்காக மேனேஜரையும் என்னையும் பாராட்டியிருந்தார். அதை மேனேஜர் கண்ணாடிச் சட்டம் போட்டு, இருபத்து நான்காவது கொக்கிக்கு மேலேயே மாட்டினார். மூன்று மாதம் கழித்து நானாகவே வேலையை விட்டேன். அது வரை சனிக்கிழமை ரிப்போர்ட் எழுதினேன். இருபத்து நான்கும் இடத்தில் இருக்கின்றன என்று எழுதியது அந்த மூன்று மாதமும் உண்மை.

அக்கா புறப்பட்டது நெருப்புக்கு மறுநாள் காலை. குடியாத்தத்தில் யாரோ உறவு இருப்பதாகச் சொன்னார்கள். தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு பானை, பின்னால் மகள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். வண்டி பிடித்துத் தருகிறேன் என்று என் மனைவி சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். எங்கள் வாசலில் நின்றாள். நான் உள்ளே ஒளிந்துகொள்ள இடம் இருக்கிற வீடு அல்ல அது. வெளியே வந்தேன்.

கையில் இருந்த பிரிமணையை எங்கள் இறவாரத்துக்குக் கீழே வைத்தாள்.

“இத்த வச்சிக்குங்க ரைட்டரய்யா. ஒரு பானைல தண்ணி ஊத்தி இது மேல வையிங்க. உங்க வூட்லயும் ஓலதான்.”

நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஷாப்பில் அல்ல, லைனில்.